இலங்கைக்கு வரும் உல்லாசப் பயணிகள்: ஓர் இறக்கத்தை எதனோடு ஒப்பிட்டு அளப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகளின் மாதாந்த எண்ணிக்கையை 2009 இலிருந்து சேர்த்து, எக்செலில் கோடாக வரைந்திருக்கிறீர்கள். கோடு அரிவாள் பல்லுப்போல ஏறி இறங்குகிறது. இதில் எந்த இறக்கம் வழமையான பருவகாலத்தால் வந்தது, எது ஒரு சம்பவத்தால் வந்தது, அந்தச் சம்பவத்தின் பாதிப்பு எவ்வளவு, இதை வைத்து அடுத்த ஆண்டைக் கணிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். எந்த மென்பொருள், எந்தச் சூத்திரம் என்பதற்கு முன்னால் ஒரு விடயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "குறைந்தது" என்று சொன்னால் எதைவிடக் குறைந்தது? அந்த ஒப்பீட்டுக் கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. நான் புள்ளிவிபரவியல் படித்தவன், மாதாந்தத் தரவுத் தொடர்களோடு பல வருடம் வேலை செய்திருக்கிறேன். ஹோட்டல் நடத்தியவன் அல்ல. ஆகவே எண்கள் என்ன சொல்கின்றன என்பதை உறுதியாகச் சொல்வேன். ஆட்கள் ஏன் வந்தார்கள், ஏன் வரவில்லை என்ற இடத்தில் கொஞ்சம் நிதானமாகவே பேசுவேன்.

இந்த எண்ணிக்கைக்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்பதைப் பாருங்கள். சர்வதேச வரைவிலக்கணப்படி, வேறு நாட்டில் வசிக்கும் ஒருவர் ஓர் ஆண்டுக்குக் குறைவான காலத்துக்கு வந்து ஓர் இரவாவது தங்கினால், இங்கே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவராக இல்லாதவரை அவர் சுற்றுலாப் பயணிதான். கடற்கரைக்கு வந்தவர், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர், வியாபாரக் கூட்டத்துக்கு வந்தவர் எல்லோரும் ஒரே கணக்கில் விழுவார்கள். ஒரே ஆள் மூன்று தடவை வந்தால் மூன்று வருகை. இது சின்ன விடயம்போலத் தெரியும். ஆனால் 2004, 2005 ஐ எடுத்துப் பாருங்கள். சுனாமி 2004 டிசம்பர் 26 இல் அடித்தது. 2004 இல் 566,202 பேர் வந்திருந்தார்கள், 2005 இல் 549,308 பேர். வெறும் 3 சதவீதக் குறைவு. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்க்கும் ஒருவர், கரையோரம் முழுவதும் சிதைந்துபோன ஆண்டில் சுற்றுலாத்துறைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று எழுதிவிடுவார். ஹோட்டல் அறைகள் நிரம்பிய அளவோ அதே இரண்டு ஆண்டுகளில் சுமார் 59 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாக விழுந்தது. நிவாரணப் பணிக்கு வந்தவர்களும், சொந்தங்களைத் தேடி வந்தவர்களும் வருகைக் கணக்கைத் தாங்கிப் பிடித்தார்கள். எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்ட கேள்விதான் வேறு.

சரி, பருவகாலத்துக்கு வருவோம். தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், ஐரோப்பாவில் அப்போது குளிர். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும், வருகை அடிமட்டத்துக்குப் போகும். ஜூலை, ஓகஸ்டில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறை, கண்டிப் பெரஹரா, அறுகம் குடா, பாசிக்குடா, நிலாவெளி பக்கத்துக் கிழக்குக் கரைச் சீசன் எல்லாம் சேர்ந்து இரண்டாவது சிறிய மேடு ஒன்று வரும். 2018 வருகையைப் பெரிதாகக் குலைத்த சம்பவம் இல்லாத ஆண்டு, அதை எடுத்துப் பாருங்கள். பெப்ரவரியில் 235,618, மே மாதத்தில் 129,466, ஜூலையில் 217,829, டிசம்பரில் 253,169. பெப்ரவரியிலிருந்து மே வரை மூன்றே மாதத்தில் 45 சதவீதம் விழுந்திருக்கிறது. வருகையைக் குலைத்த பெரிய சம்பவம் எதுவும் இல்லாமலேயே! இந்த 45 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஏற்ற இறக்கம் கூட்டல் கணக்கில் நடப்பதில்லை, பெருக்கல் கணக்கில் நடக்கிறது. "மே மாதத்தில் சராசரி மாதத்தைவிட 65,000 பேர் குறைவார்கள்" என்பது 2018 க்குப் பொருந்தும். ஆனால் 2009 இல் ஆண்டு முழுவதற்குமே வந்தவர்கள் 447,890 பேர்தான். "மே மாதம் சராசரி மாதத்தின் மூன்றில் இரண்டு பங்கு" என்று விகிதமாகச் சொன்னால் ஓரளவுக்கு எல்லா ஆண்டுக்கும் நிற்கும். அதனால்தான் இப்படியான தரவை மடக்கையாக (log) மாற்றிவிட்டு வரைகிறோம். மடக்கை எடுத்த பிறகு பற்களின் உயரம் ஆண்டுக்காண்டு ஏறக்குறைய ஒன்றாகிவிடும், கண்ணுக்கும் புரியும். பொக்ஸ், ஜென்கின்ஸ் என்ற புள்ளிவிபரவியலாளர்கள் இருவரும் 1949 முதல் 1960 வரையான 144 மாத சர்வதேச விமானப் பயணிகள் எண்ணிக்கையில் செய்துகாட்டியதும் இதைத்தான். பிறகு இயல்பான பல ஆண்டுகளை, உங்கள் விடயத்தில் 2012 முதல் 2018 வரையை, சேர்த்து ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பருவ விகிதம் எடுங்கள். ஓர் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்ததாக உயிர்த்த ஞாயிறு தாக்குதல். உங்கள் தரவில் இருக்கும் மிகத் தெளிவான பாடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2019 ஏப்ரல் 21 இல் தாக்குதல். மே மாதத்தில் வந்தவர்கள் 37,802 பேர். முந்தைய மே மாதத்தோடு ஒப்பிட்டால் 70.8 சதவீதக் குறைவு. ஜூன் 63,072, ஜூலை 115,701, ஓகஸ்ட் 143,587. அப்புறம் செப்டெம்பரில் 108,575 ஆகத் திரும்பவும் இறங்குகிறது. மாதத்துக்கு மாதம் பார்ப்பவர் "மீட்சி நின்றுவிட்டது" என்று பதறுவார். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு தொடரில் இதே தவறைச் செய்து, ஓர் அறிக்கையைத் திருப்பி எழுதியிருக்கிறேன். போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் கதை வேறு. மே மாதம் 70.8 சதவீதக் குறைவு, ஜூனில் 57, ஜூலையில் 47, ஓகஸ்டில் 28, செப்டெம்பரில் 27, ஒக்டோபரில் சுமார் 22, நவம்பரில் 9.5, டிசம்பரில் 4.5. ஒரு மாதம்கூடப் பின்னால் போகவில்லை. செப்டெம்பர் இறக்கம் எல்லா ஆண்டும் வருகிற பருவ இறக்கம்தான். எட்டே மாதத்தில் நாடு பழைய அளவை நெருங்கியிருந்தது என்பதை இந்த வரிசை காட்டுகிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாதிப்பு எத்தனை பேர் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. மூன்று விதமாகக் கணக்கிடலாம், மூன்றும் வேறு வேறு விடை தரும். 2018 முழு ஆண்டுக்கு 2,333,796, 2019 முழு ஆண்டுக்கு 1,913,702. கழித்தால் 420,000 பேர். செய்திகளில் ஆண்டுக் கணக்காக வருவது பெரும்பாலும் இதுதான். ஆனால் 2019 இன் முதல் மூன்று மாதம் தாக்குதலுக்கு முந்தியவை, நன்றாக ஓடிய மாதங்கள். அவற்றையும் சேர்த்தால் பாதிப்பு நீர்த்துப்போகிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மட்டும் எடுத்து 2018 இன் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் 453,000 பேர். அதிலும் ஒரு குறை உண்டு, தாக்குதல் நடக்காவிட்டால் 2019 அப்படியே 2018 போலத்தான் இருந்திருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை 2018 ஐ விட 4.6 சதவீதம் கூடுதலாக வந்திருந்தார்கள். அதே வேகம் ஆண்டு முடிய நீடித்திருக்கும் என்று வைத்தால் இழப்பு 528,000 பேர். ஒரே சம்பவம், ஒரே தரவு, மூன்று விடை. சிறியதுக்கும் பெரியதுக்கும் இடையில் ஓர் இலட்சத்துக்கு மேல் வித்தியாசம். என்னைக் கேட்டால் மூன்றாவதைத்தான் விரும்புவேன், ஆனால் அது "நடக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்" என்ற கற்பனைக் கோட்டின்மேல் நிற்கிறது. அதனால் 450,000 இலிருந்து 530,000 வரை என்று வீச்சாக எழுதி, எந்த எடுகோளில் எந்த எண் வந்தது என்றும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

ஏப்ரல் மாதத்தையும் ஒருமுறை பாருங்கள். 2018 ஏப்ரலில் 180,429, 2019 ஏப்ரலில் 166,975. 7.5 சதவீதம்தான் குறைவு. தாக்குதல் 21 ஆம் திகதி நடந்தது, மாதத்தின் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு முன்னாலேயே போய்விட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. உயிர்த்த ஞாயிறு நகரும் பண்டிகை. 2018 இல் அது ஏப்ரல் 1, ஆகவே விடுமுறைப் பயணிகளில் ஒரு பகுதி மார்ச் மாதத்திலேயே வந்து இறங்கியிருப்பார்கள். 2019 இல் பண்டிகை ஏப்ரலுக்குள் நகர்ந்ததால் மாதத்தின் முன்பாதி வழமையைவிடக் கனத்திருக்கும். இரண்டாவது காரணம் எவ்வளவு பெரியது என்பதை மாதாந்தத் தரவிலிருந்து மட்டும் பிரித்தெடுக்க முடியாது, நாளாந்த எண்ணிக்கை வேண்டும். சீனப் புத்தாண்டுக்கும் இதே கதைதான், சில ஆண்டு ஜனவரியில், சில ஆண்டு பெப்ரவரியில் வரும். இந்த இரண்டுக்கும் தனியாக ஒரு குறி போட்டு வையுங்கள். லீப் ஆண்டுப் பெப்ரவரிக்கு ஒரு நாள் கூட என்பதையும் கவனியுங்கள்.

2020 க்கு வருவோம். 2020 மார்ச்சில் 71,370 பேர், முந்தைய மார்ச்சைவிட 70.8 சதவீதம் குறைவு. ஆமாம், 2019 மே மாதத்துக்குக் கிடைத்த அதே 70.8 தான். தசம தானம் வரை பொருந்துவது தற்செயல், ஆனால் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மே 2019 இல் கதவு திறந்திருந்தது, வரப் பயந்தார்கள். மார்ச் 2020 இல் மாதத்தின் நடுப்பகுதிக்குப் பின் கதவே பூட்டப்பட்டது. அடுத்த மாதம் முதலாவது ஏறத் தொடங்கியது, இரண்டாவது பூச்சியமானது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை பூச்சியம், டிசம்பரில் 393 பேர். இங்கே உங்கள் மென்பொருள் முரண்டு பிடித்திருக்கும், ஏனென்றால் பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. சிலர் எல்லா மாதத்துக்கும் ஒன்றைக் கூட்டிவிட்டு மடக்கை எடுப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த எட்டு மாதமும் மடக்கைக் கோட்டில் பாதாளத்துக்குப் போய், உங்கள் பருவ விகிதங்கள் அத்தனையையும் இழுத்து வளைத்துவிடும். அந்த மாதங்களில் கேட்பு, அதாவது வர விரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது, அளக்கப்படவே இல்லை, எல்லை மூடியிருந்தது. ஆகவே அவற்றைத் தரவு இல்லாத மாதங்களாகக் குறித்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். 2021, 2022 இன் வளர்ச்சிச் சதவீதங்களையும் ஒதுக்கிவையுங்கள். 194,495 இலிருந்து 719,978 க்குப் போனதை "270 சதவீத வளர்ச்சி" என்று எழுதலாம், ஆனால் அதில் எந்தத் தகவலும் இல்லை. அந்தக் காலத்துக்கு 2018 இன் அதே மாதத்தைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 2024 இன் 2,053,465 என்பது 2018 க்கு 12 சதவீதம் கீழே.

பருவகாலத்தைக் கழித்துப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு உதவும் என்பதற்கு 2022 நல்ல சோதனை. எரிபொருள் வரிசை, மின்வெட்டு, போராட்டம் எல்லாம் உச்சத்துக்குப் போன காலம். மார்ச்சில் 106,500 பேர், மே மாதத்தில் 30,207 பேர். 72 சதவீத வீழ்ச்சி, முழுவதும் நெருக்கடியால் என்று பலர் சொன்னார்கள். ஆனால் 2018 இலும் மார்ச்சிலிருந்து மே வரை ஏறக்குறைய 45 சதவீதம் விழுந்தது. அந்த விகிதப்படி பார்த்தால் 2022 மே மாதத்தில் சுமார் 59,000 பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் அதில் பாதி. ஆக பருவப்படி வந்திருக்க வேண்டியவர்களில் ஏறக்குறைய ஐம்பது சதவீதத்தை நெருக்கடி குறைத்தது என்று சொல்வது பொருத்தம். இதிலும் 2018 இன் பருவ விகிதம் 2022 க்கும் பொருந்தும் என்ற எடுகோள் ஒளிந்திருக்கிறது. பயணிகளின் நாடுகள் மாறியிருந்ததால் அது முழுக்கப் பொருந்தாது.

"நெருக்கடி" என்று நான் எழுதியதையும் அப்படியே விட முடியாது. 2022 பெப்ரவரி 24 இல் உக்ரைன் போர் தொடங்கியது. அந்த நேரத்தில் இலங்கைக்கு அதிகம் பயணிகளை அனுப்பிய நாடுகளின் முதல் வரிசையில் ரஷ்யாவும் உக்ரைனும் இருந்தன. ஆகவே அந்த ஐம்பது சதவீதத்தில் எரிபொருள் வரிசைக்கு எவ்வளவு, போருக்கு எவ்வளவு என்பதை மொத்த எண்ணிக்கையிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது. 2017 உம் இப்படித்தான். முந்தைய ஆண்டுகளில் பாய்ந்து வந்த வளர்ச்சி அந்த ஆண்டில் 3.2 சதவீதமாகச் சுருங்கியது. கட்டுநாயக்க விமான நிலைய ஓடுபாதை ஜனவரியிலிருந்து ஏப்ரல் ஆரம்பம் வரை பகலில் மூடப்பட்டிருந்தது, மே மாதத்தில் வெள்ளம், ஆண்டின் நடுவில் டெங்கு. பெப்ரவரி, மார்ச் மாதங்களின் மந்தத்துக்கு ஓடுபாதையைக் காரணமாகச் சொல்ல நல்ல ஆதாரம் இருக்கிறது, திகதி பொருந்துகிறது. மற்ற இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் அவற்றைப் பிரித்துப் பங்கு போடுவது வெறும் அபிப்பிராயம்.

நாணய மாற்று விகிதத்தைக் காரணியாகப் போட்டு ஒரு சமன்பாடு எழுத நினைத்திருப்பீர்கள். எழுதலாம், ஆனால் 2022 ஐ உள்ளே விட்டால் விபரீதமான விடை வரும். அந்த ஆண்டின் மார்ச் ஆரம்பத்தில் டொலருக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. அதே மாதங்களில் வருகை விழுந்தது. கணினி, "ரூபா மலிந்தால் பயணிகள் வரமாட்டார்கள்" என்று முடிவு கட்டும். வெளிநாட்டவருக்கு நாடு மலிவாகிறது என்ற சாதாரண அறிவுக்கு நேர் எதிர். ரூபாவையும் வருகையையும் ஒரே நெருக்கடி சேர்த்துக் கீழே தள்ளியது, அவ்வளவுதான். காரணிகளைத் தேடுவதானால் நான் முதலில் எடுப்பது விமான ஆசன எண்ணிக்கையைத்தான். அதிலும் கவனம் வேண்டும், ஆட்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் விமான நிறுவனங்கள் ஆசனங்களைக் கூட்டுகின்றன.

இதைவிட உடனே பலன் தருவது, மொத்தத்தை நாடு நாடாகப் பிரிப்பது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை மாதாந்தம் நாடுவாரியாகவும் எண்ணிக்கை வெளியிடுகிறது. ஐரோப்பியர்களின் கோட்டில் குளிர்கால மேடு உயரமாக இருக்கும், இந்தியர்களின் கோடு ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கும். 2013 இல் சீனாவிலிருந்து சுமார் 54,000 பேர், 2018 இல் சுமார் 266,000 பேர். இப்படி ஒரு நாட்டின் பங்கு ஐந்தே ஆண்டில் வீங்கும்போது மொத்தக் கோட்டின் பருவ வடிவமும் தானாக மாறும். ஒவ்வொரு நாட்டவரும் எப்போதும்போலவே வந்திருந்தாலும் "பருவகாலம் மாறிவிட்டது" என்று மொத்தம் சொல்லும். 2024 இல் முதலிடம் இந்தியாவுக்கு, ரஷ்யா இரண்டாவது, சுமார் 2 இலட்சம். இந்தக் கலவையோடு 2015 இன் பருவ விகிதத்தைப் பயன்படுத்தினால் பிழை வரும்.

அப்புறம், முன்கணிப்பு. முடியும், ஆனால் எதை முன்கணிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். 2018 டிசம்பரில் நின்று, நல்ல முறை ஒன்றால் 2019 ஐக் கணித்திருந்தால் ஏறக்குறைய 24 இலட்சம் என்று வந்திருக்கும். முதல் மூன்று மாதம் அது அழகாகப் பொருந்தியிருக்கும். ஆண்டு முடிவில் ஐந்து இலட்சம் பிழை. முறையில் குற்றம் இல்லை, தாக்குதலைப் பற்றிய தகவல் பழைய எண்களுக்குள் இருக்கவில்லை. ஆக நீங்கள் தரப்போவது "பெரிய அதிர்ச்சி எதுவும் வராவிட்டால்" என்ற நிபந்தனையோடு கூடிய கணிப்பு. அந்த நிபந்தனையை எழுத்தில் போடுங்கள். இலங்கையின் வரலாற்றில் அந்த நிபந்தனை உடைந்த ஆண்டுகள் கொஞ்சமல்ல. 1982 இல் வந்த 407,000 பேரை நாடு திரும்பவும் பார்க்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, இடையில் 1983 உம் அதன் பின்னான போர் ஆண்டுகளும் கிடந்தன. அதே நாடுதான் போர் முடிந்த 2009 இலிருந்து 2018 வரை ஆண்டுக்குச் சராசரி 20 சதவீதம் வளர்ந்தது. எந்தத் துண்டை வெட்டி எடுத்து உங்கள் முறைக்குக் கற்பிக்கிறீர்களோ அந்தத் துண்டின் குணம்தான் கணிப்பில் வரும்.

நடைமுறையில் உங்களுக்குச் சொல்வது இதுதான். 2012 முதல் 2016 வரையான தரவை மட்டும் வைத்து 2017, 2018 ஐக் கணித்து, உண்மை எண்ணோடு ஒப்பிடுங்கள். பக்கத்திலேயே மிக எளிய கணிப்பு ஒன்றையும் வையுங்கள், "போன ஆண்டின் அதே மாதம்" என்பதுதான் அது. உங்கள் சிக்கலான முறை அதை வெல்லாவிட்டால் தயங்காமல் கைவிடுங்கள், நான் பல தடவை கைவிட்டிருக்கிறேன். வென்றால், 2023 ஜனவரிக்குப் பிந்திய மாதங்களை அந்த முறைக்குக் கொடுத்து, அடுத்த ஆறு மாதத்துக்கு மட்டும் கணியுங்கள். பன்னிரண்டு மாதக் கணிப்பு வேண்டுமென்றால் ஒற்றை எண்ணாகத் தராமல் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் தாருங்கள். கணித்ததை யாராவது ஹோட்டல் முதலீட்டுக்குப் பயன்படுத்தப்போகிறார் என்றால் வருகையோடு வருமானத்தையும் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். 2018 இல் சுற்றுலா வருமானம் சுமார் 4,381 மில்லியன் டொலர், 2024 இல் 3,169 மில்லியன். தலைக்குப் பார்த்தால் 1,877 டொலரிலிருந்து 1,543 டொலர். வருகை 12 சதவீதம் குறைவு, வருமானம் 28 சதவீதம் குறைவு. உங்கள் கோப்பில் இதுவரை வருகை மட்டுமே இருந்தால், மாதாந்த வருமானத்துக்கு இன்னொரு நிரலைச் சேர்த்துவிட்டு வேலையைத் தொடருங்கள். நாடுவாரிக் கோடுகளை வரைந்த பிறகு எங்காவது புரியாத பல் ஒன்று தென்பட்டால், மாதத்தையும் நாட்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.